கனவில் இருந்தவரைக் கூட்டி வந்த கூத்தன்

முன்னொரு காலத்தில், மேகம் அரண்மனை முற்றம்வரை இறங்கி வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மலைநாட்டை மகிழவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர், தூக்கப் பிரியர். அவருக்குத் தொந்தி இருந்தது. நான் இங்கே சுலபமாகச் சொல்லிவிட்டேன்; அந்த நாட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. தொந்தி, வயிறு, உடற்பயிற்சி என்ற மூன்று சொற்களையும் சபையில் உச்சரிக்கக் கூடாது என்பது அரசாணை. அரண்மனை வைத்தியர் ஒருமுறை மூன்றாவது சொல்லை வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பத்து நாள் யானைக் கொட்டிலில் மருந்து அரைத்தார்.

அரசரைக் குறை சொல்லியும் பயனில்லை. விடிந்தால் வெந்நீர்க் குளியல், குளித்தால் மனுக்கள், மனுக்கள் முடிந்தால் தூதர்கள், தூதர்கள் போனால் விருந்து. இதற்கு நடுவே உடம்பைக் கவனிக்க நேரம் ஏது என்று அவரே தமக்குத்தாமே கேட்டு, தாமே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கொருமுறை 'நாடு கண்ட நாள்' வரும். அன்று அரசர் கோட்டை வாசலில் மக்கள் முன்னால் குனிந்து, தம் வீரக்கழலைத் தம் கையாலேயே காலில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முதல் அரசர் செய்தார், அவர் பிள்ளை செய்தார், எல்லாரும் செய்தார்கள். மகிழவர்மர் மட்டும் ஆறு ஆண்டுகளாகக் கண்ணேறு கழிப்பதாகச் சொல்லி முன்னால் ஒரு திரையைப் பிடிக்கச் செய்தார். திரைக்குப் பின்னால் மாசாத்தன் என்ற பணியாளன் கழலைக் கட்டிவிடுவான். மக்களுக்கு இது தெரியும். தெரியும் என்பது அரசருக்கும் தெரியும். அந்த நாள் நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்காது, ஆனாலும் சாப்பிட்டுவிடுவார்.

இப்படியிருக்க, அவருக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. ஒவ்வொரு விடியலிலும் அதே கனவு. அதில் அவர் இருப்பார், தொந்தி இருக்காது. பனி மூடிய ஒரு குளக்கரையில் காற்றைப்போல நடந்துபோவார். விழித்தால் மறுபடி பழைய பாரம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அரசருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சபையில் அவர் அறிவித்தார். "என் கனவில் ஒருவன் இருக்கிறான். அவன் நானேதான். ஆனால் இலேசானவன். நாடு கண்ட நாளன்று என் கழலைக் கட்ட அவன் இங்கே வேண்டும். அவனைக் கனவிலிருந்து அழைத்து வரக்கூடியவர் இந்தச் சபையில் யார்?"

அரண்மனைக் காரியக்காரர் வயிரவநாதர் மட்டும் எழுந்தார். சபையில் விகடம் சொல்லும் நல்லக்கூத்தன்மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை. தாம் ஒரு நாழிகை பேசினால் கொட்டாவி விடும் அரசர், கூத்தன் வாயைத் திறந்தாலே நிமிர்ந்து உட்காருகிறாரே என்ற எரிச்சல். கூத்தனால் முடியாதது உண்டா என்று புகழ்ந்து பேசி, முடியாவிட்டால் அவன் நாட்டைவிட்டுப் போகத் தயாராகவே இருப்பான் என்றும் பணிவாக ஒரு வார்த்தை சேர்த்தார். அரசர் கனவு மயக்கம் தெளியாமலே தலையசைத்தார். நாடு கண்ட நாள்வரை நாற்பத்தெட்டு நாள் தவணை. கூத்தன் கைகூப்பி ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி தாயம்மைக்கு எட்டாம் மாதம். வாசலில் கூத்தன் செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன ஒத்துக்கிட்டு வந்தீங்க?"

"அரசரோட கனவுக்குள்ள ஒருத்தர் இருக்காராம். அவரக் கூட்டிட்டு வரணும். வரலன்னா நாம நாட்ட விட்டுப் போகணும்."

தாயம்மை தன் வயிற்றைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே மழையில் நனைந்து நின்ற கணவாயைப் பார்த்தாள். "இத வச்சுக்கிட்டு நான் அந்த மேடு ஏற முடியாது. பேசாம அவரக் கூட்டிட்டு வந்துருங்க. ஆளு எப்படி இருப்பாரு, என்ன செய்வாருன்னு அடையாளம் கேட்டீங்களா?"

"கேக்கலையே."

"ஆளத் தேடறவங்க முதல்ல அதத்தான கேப்பாங்க?"

கூத்தனுக்குப் பயம்தான். இருந்தாலும் அந்தப் பயத்துக்குள் ஒரு யோசனை மெல்ல அசைந்தது. அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் விடியலில், அரசர் கண்ணைத் திறக்கும்போதே கட்டிலருகில் கூத்தன் நின்றான். கனவில் இருப்பவரின் அடையாளம் தெரியாமல் வேறு யாரையாவது கூட்டி வந்துவிட்டால் பெரிய குழப்பமாகிவிடும், ஆகவே அவர் செய்வதையெல்லாம் தாங்கள் செய்துகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். அரசர் தமக்கு நேரமில்லை என்றார். குளிக்க வெந்நீர் காயும் நேரம் போதும் என்றான் கூத்தன். அந்த நேரத்தில் அரசர் வழக்கமாகச் செய்வது கூரையைப் பார்ப்பது ஒன்றுதான். அதனால் மறுக்க முடியவில்லை.

உண்மையில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. கனவைச் சொல்ல யாருக்கும் ஆசைதான்; உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் கிடைக்காது, அரசருக்குக்கூட.

"அவன் குளக்கரையில் நிற்கிறான். ஒரு கிளை தாழ்ந்து வருகிறது. வெள்ளைப் பூ. இப்படி எட்டிப் பறிக்கிறான்."

"எப்படி, அரசே? பனி மூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை."

அரசர் குதிகால் உயர்த்தி எட்டினார். ஒரே பூவா என்று கேட்டான் கூத்தன். கிளை நிறையப் பூ என்றார் அரசர். அப்படியானால் கிளை முழுவதையும் பறித்துக் காட்டும்படி ஆயிற்று. பிறகு கனவில் இருந்தவர் குளத்தங்கரையில் குந்தித் தண்ணீர் அள்ளினார், எழுந்தார், மறுபடி குந்தினார். எத்தனை வாய் என்று கூத்தன் கேட்டான். தாகம் தீரும்வரை என்று அரசர் மூச்சிரைத்தபடி சொன்னார். வெந்நீர் காய்ந்துவிட்டது என்று குரல் வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்தடுத்த நாள்களில் கனவு வளர்ந்தது. கனவு என்றால் அப்படித்தான். கேட்க ஆளிருந்தால் அதுவும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். ஒரு படகு வந்தது. கனவில் இருந்தவர் அதில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கி, பாதத்தால் நிலவைத் தொட்டார். அரசர் பாயில் படுத்துக் காட்டினார். முதல் நாள் கால்கள் ஒரு சாண் எழும்பின. "நிலவு இவ்வளவு தாழ்வாகவா இருந்தது?" என்று கூத்தன் கவலையோடு கேட்டான். அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சாண் உயர்த்தினார். பிறகு கனவில் இருந்தவர் படகிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்ந்து, இடப்பக்கம் திரும்பி மீன்களைப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மீன்கள் ஏராளம். அறை முழுக்கப் பனி நிறைந்திருந்தது. அரசர் ஆடி ஆடி மீன் பார்த்தபோது தரை நகர்வதுபோல கூத்தனுக்கே ஒரு மயக்கம் வந்தது.

நான்காம் நாள் அரசர் முனகினார். "கூத்தா, இடுப்பிலும் அடிவயிற்றிலும் வலி பிடுங்குகிறது. கனவில் அவனுக்கு வலிக்கவே இல்லையே."

"அவர் தூரத்தில் இருக்கிறார், அரசே. தம் வலியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறார் போலிருக்கிறது. புறப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்."

அரசர் அதைக் கேட்டு வலியைத் தடவிக் கொடுத்தார்.

வயிரவநாதர் சும்மா இருப்பாரா? கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டார். அரசருக்கும் கூத்தனுக்கும் தினமும் வெந்நீர் காயும் நேரம் கிடைக்கிறது என்று கண்டுகொண்டார். பன்னிரண்டாம் நாள், அரசர் எழுவதற்கு முன்பே வெந்நீர் தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். போதாதென்று, இத்தனை நாள் கிராமங்களில் தேங்கிக் கிடந்த மனுக்களையெல்லாம் வரவழைத்தார். இருபது பேர் வந்த இடத்தில் இருநூறு பேர் வந்தார்கள். அரசருக்கு மூச்சுவிட நேரமில்லை. கூத்தன் அன்று கட்டிலருகில் காத்திருந்துவிட்டு ஒரு பூவும் பறிக்காமல் திரும்பினான். தவணை ஓடிக்கொண்டிருந்தது, தாயம்மை நடக்கச் சிரமப்பட்டாள், அவனுக்கு அன்று யாரிடமும் விகடம் பேச வாய் வரவில்லை.

மறுநாள் அவன் சபையில் அரசரின் காதோரம் போய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான். கனவில் இருப்பவர் குளக்கரைப் பாறையில் உட்கார்ந்து எழுவார் அல்லவா, எதையும் பிடிக்காமல் எப்படி எழுகிறார்? தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு மனுவும் முடியும்போது ஒருமுறை எழுந்து உட்கார்ந்து காட்டினால் போதும், தான் தூணோரம் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

அரசர் முதல் மனு முடிந்ததும் எழுந்தார். மனுக் கொடுத்த வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஆடிப்போனார். தமக்காக அரசர் எழுந்து நின்று விடைகொடுக்கிறார் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். செய்தி மலையெங்கும் பரவியது. மறுநாள் முந்நூறு பேர் வந்தார்கள். வயிரவநாதர் மகிழ்ந்துபோய் இன்னும் நூறு பேரைக் கூட்டிவந்தார். முந்நூறு என்றால் முந்நூறு முறை எழுவது, நானூறு என்றால் நானூறு. மாலையில் தேன்குழலும் அதிரசமும் அடுக்கிய தட்டு வரும்போது அரசர் சிம்மாசனத்திலேயே தூங்கிவிட்டிருப்பார். தட்டு அப்படியே திரும்பிப்போகும். எழுந்து உட்காரும் நேரத்துக்குள் அடுத்த மனுவைப் படித்துவிடலாம் என்பதும் தெரிந்துபோனதால், போகப்போகச் சபை அந்த முதல் நாள்களைவிடச் சீக்கிரம் முடியத் தொடங்கியது. மிச்சமான பொழுதில் அரசர் தாமாகவே கூத்தனைக் கூப்பிட்டு, படகையும் நிலவையும் காட்டினார்.

அரசர் மெலிவதை அரண்மனையில் எல்லாரும் பார்த்தார்கள். சொல்லத்தான் முடியாது, ஆணை இருக்கிறதே. தையற்காரர் ஓசைப்படாமல் அங்கிகளைப் பிடித்துத் தைத்தார். அரசர் தம் வயிற்றைப் பார்ப்பதை விட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அதனால் நடந்தது தெரியாத ஒரே ஆள் அவர்தான். கடைசி வாரத்தில், கனவில் இருப்பவர் கழல் கட்டுவதையும் கூத்தன் தினமும் செய்துகாட்டச் சொன்னான். அரசர் கனவைப் பார்க்கும் நினைவிலேயே, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கயிற்றை வைத்துச் செய்துகாட்டினார்.

நாடு கண்ட நாள் வந்தது. கோட்டை வாசலில் பனி, அதற்குள் மக்கள். திரை பிடித்தாயிற்று. முதல் முரசு ஒலித்தது. திரைக்குப் பின்னால் அரசர், கூத்தன், வயிரவநாதர். மாசாத்தனைக் காணோம். விடியற்காலையிலேயே அவனை வயிரவநாதர் மலைக்கோயிலுக்குத் தீர்த்தம் கொண்டுவர அனுப்பிவிட்டார். அரசர் அவமானப்பட்டால் அந்தக் கோபம் யார்மேல் விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கூத்தா, எங்கே அவன்?" என்றார் அரசர்.

"வந்துகொண்டே இருக்கிறார், அரசே."

இரண்டாம் முரசு. வயிரவநாதர் மெல்லச் சொன்னார்: "கூத்தரே, கணவாய்க்கு இப்போதே கிளம்பினால் இருட்டுவதற்குள் ஏறிவிடலாம். உங்கள் வீட்டம்மாவை மெதுவாக நடத்திக்கொண்டு போகலாம்."

கூத்தன் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான். தாயம்மை கூட்டத்தில் எங்கோ ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தன் புத்திசாலித்தனத்தை நம்பி அவளைப் பணயம் வைத்துவிட்டோமே என்று அந்தக் கணத்தில் அவன் உண்மையாகவே நொந்துபோனான்.

மூன்றாம் முரசு ஒலித்தது. அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. யாரும் வரப்போவதில்லை. ஆறு ஆண்டு வெட்கம் போதும் என்று தோன்றியதோ என்னவோ, தட்டிலிருந்து கழலைப் பறித்தார், காலைப் படியில் வைத்தார், குனிந்தார். கை தானாகக் கட்டியது. கூத்தன் திரைக்காரர்களுக்குச் சைகை காட்டினான். திரை விலகியது.

அரசர் தங்கள் முன்னால் குனிந்து, இரண்டாவது காலில் கழல் கட்டிக்கொண்டிருப்பதை மக்கள் பார்த்தார்கள். பிறகு மலை அதிர வாழ்த்தொலி எழுந்தது. அரசர் திடுக்கிட்டு, குனிந்த நிலையிலேயே நின்றார். அவர் கண்ணுக்கு நேராகப் பத்துக் கால்விரல்கள் இருந்தன. அவை தம்முடையவை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வயிரவநாதர் விடவில்லை. கழலைக் கட்டியது அரசர், கனவிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்றார். அரசர் அவரைப் பார்க்கவில்லை.

"கூத்தா," என்றார் மிக மெதுவாக, "அவன் எப்போது வந்தான்?"

"எந்த நாள் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை, அரசே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார். வந்த வழியெல்லாம் தாங்கள்தான் கூட இருந்தீர்கள்."

அரசரின் கண்கள் நிறைந்தன. அவர் அப்படியே மக்கள் நடுவே நடந்துபோனார்.

மூன்று நாள் கழித்துத் தாயம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வயிரவநாதர் தினமும் விடியலில் தம் கனவைக் கூத்தனிடம் செய்துகாட்ட வேண்டும் என்று அரசர் ஆணையிட்டார். தமக்குக் கனவே வருவதில்லை என்று அவர் எவ்வளவோ மன்றாடினார். அப்படியானால் வரும்வரை பூப் பறித்துக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டார் அரசர்.

ஒருநாள் காலை கூத்தன் போனபோது, அரசர் யோசனையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நேற்று கனவில் வேறொருவன் வந்தான் என்றார். அதே குளக்கரை, அதே பனி. பெரிய தொந்தி. அதன்மேல் அதிரசத் தட்டை வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல், சுகமாகத் தின்றுகொண்டிருந்தானாம். பார்க்கவே ஆசையாக இருந்ததாம்.

கூத்தன் கைகூப்பினான். "அவரை அங்கேயே விட்டுவிடுவோம், அரசே. அதிரசம் வேண்டுமானால் தினமும் அனுப்பி வைக்கலாம்."

மகிழவர்மர் கட்டில் குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டு, குழந்தைக்கு ஒரு வெள்ளித் தொட்டிலும் கொடுத்தனுப்பினார்.