கேட்காமல் போன முனகல்

திருக்கொன்றைக்காட்டில் எழுந்தருளியிருக்கும் செவிகொடுத்த நாதர் கோயிலின் தெற்கு மதிலோரம் தம் இஸ்திரி வண்டியை நிறுத்திப் பிழைத்து வந்தவர் மாசிலாமணியார். வண்டியைத் தொடுமுன் கோயிலுக்குள் போய் வெளிப்பிராகாரம் முழுவதையும் பெருக்கிவிட்டு வருவார். யாரும் ஏவிய வேலை அல்ல. பெருக்கி முடித்துக் குளத்தில் முழுகி, நீறு பூசி, சன்னதிக்கு எதிரே கொடிமரத்துக்கு இப்பால் நின்று கும்பிட்ட பிறகுதான் இஸ்திரிப் பெட்டியில் கரி போடுவார். ஊராரின் வேட்டி சட்டைகளை மடித்து அடுக்கும்போதும் உதடு ஐந்தெழுத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

மதியம் கரி அணைந்ததும் பிராகாரத்து வில்வமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்த பள்ளி ஆசிரியை ஒருவர் அந்த நாள்களில் தினமும் கோயிலுக்கு வந்து அழுதுவிட்டுப் போவார். அவர் ஒருநாள் அருகே வந்து, இப்படி உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யலைங்கம்மா. உள்ள ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காரு. நம்ம சத்தத்துல அது காதுல விழறதில்ல. சும்மா இருந்தா விழும்" என்றார் மாசிலாமணியார்.

ஆசிரியையும் உட்கார்ந்தார். சில வாரங்களில் அவர் முகம் தெளிந்ததைக் கண்டு இன்னும் சிலர் வந்தார்கள். துணி தேய்க்கிறவர் தியானம் சொல்லிக்கொடுக்கிறாராம் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். வேட்டியில் விழுந்த சுருக்கம் போதாதென்று மனத்தின் சுருக்கத்தையும் எடுக்கப் புறப்பட்டுவிட்டார் என்றார்கள். அவர் அதற்கும் கைகூப்பினார். வெளியூர்களிலிருந்தும் ஆள் வரத் தொடங்கியபோது, கோயிலை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பழைய சத்திரத்தை அதன் காரியஸ்தர் திறந்துவிட்டார். அங்கே மாதந்தோறும் மௌன முகாம் நடந்தது. வந்தவர்கள் அரிசியும் காயும் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் யாரும் பேசமாட்டார்கள். கூடத்தில் கண்மூடி அமர்ந்து, தமக்குள் எழும் குரலுக்குக் காது கொடுப்பார்கள். நடுவே அவர் மெல்லிய குரலில் ஓரிரு வார்த்தை சொல்வார்.

அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர் அவருடைய மனைவி அபரஞ்சியம்மை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வருகிறவர்களே பிள்ளைகள் என்று அம்மை சொல்வார். கரண்டி பாத்திரத்தில் பட்டால்கூட ஓசை வருமென்று மரக்கரண்டியால் கிளறுவார். விறகை ஒடிக்காமல் முழுதாகவே அடுப்பில் வைப்பார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது.

அந்த மார்கழி முகாமின் கடைசி நாள். மணி அடித்து எல்லாரும் கண் திறந்த பிறகும் சாப்பாட்டுக்கு அழைப்பு வரவில்லை. மாசிலாமணியார் எழுந்து போய்ப் பார்த்தார். அம்மை அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார். வாய்க்குள் முந்தானை திணிக்கப்பட்டிருந்தது. அதைப் பல் இறுகக் கடித்திருந்தது. வலியில் கத்திவிட்டால் கூடத்தில் இருக்கிறவர்களின் மௌனம் கலைந்துவிடும் என்று தாமே திணித்துக்கொண்டது அது.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். ஒரு வருஷமாகவாவது வலி இருந்திருக்குமே, ஒருநாளும் உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் மாசிலாமணியார். யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தது. ஈரத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது. படுக்கையில் முழங்காலை மடக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது. எல்லாம் கண்முன்னேதான் நடந்திருந்தது.

கட்டிலருகே உட்கார்ந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"ஊருக்கெல்லாம் காது குடுத்துக்கிட்டு இருந்தீங்க. நடுவுல நான் வேற எதுக்குன்னு இருந்துட்டேங்க" என்றார் அம்மை. பிறகு அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நல்ல காரியந்தானே. விட்டுடாதீங்க."

தை பிறப்பதற்குள் அம்மை சிவனடி சேர்ந்தார்.

சுடுகாட்டுக்கு எடுக்கும் நேரத்தில் அம்மையின் தம்பி வழிமறித்து நின்றான். எல்லாரும் பார்க்க, "ஊர் உலகத்துக்கெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுத்தீங்களே மாமா, பக்கத்துல படுத்தவ முனகுனது உங்களுக்குக் கேக்கலியா?" என்றான்.

"கேக்கலப்பா" என்றார் மாசிலாமணியார்.

தீட்டுக் கழியும்வரை கோயிலுக்குள் போகக் கூடாது. அந்த நாள்களில் அவர் கோபுர வாசலுக்கு வெளியே தெருவைப் பெருக்கினார். கழிந்ததும் உள்ளே போய்ப் பழையபடி பிராகாரத்தைப் பெருக்கினார். ஆனால் சத்திரத்துக்கு யாரும் வரவில்லை. கட்டிய மனைவியின் வலி கேட்காதவருக்குக் கடவுளின் குரல் கேட்டதா என்று முகாமில் இருந்தவர்களே பேசிக்கொண்டார்கள். ஆசிரியை வேறூருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். காரியஸ்தர் சாவியை வாங்கிக்கொண்டார். துணி கொடுக்க வருகிறவர்கள்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. வில்வமரத்தடியில் கண்ணை மூடினால், இத்தனை வருஷம் உள்ளே கேட்ட குரல் இப்போது கேட்கவில்லை. அடுப்படிச் சுவருக்கு அப்பால் அவர் கேட்காமல் விட்ட முனகல்தான் கேட்டது. கண்ணைத் திறந்தாலும் நிற்கவில்லை. ஒருநாள் கொடிமரத்துக்கு முன்னால் விழுந்து அழுதார். "சாமி, நீங்க பேசுறதக் கேக்கத் தெரிஞ்சுது. அவ பேசாததக் கேக்கத் தெரியல. நீங்க சொல்லிக் குடுத்ததுல கொற இல்ல. நான் படிச்சதுதான் கொற" என்றார். அழுது முடித்துத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாளும் அந்தப் பிராகாரம் பெருக்காமல் கிடந்ததில்லை.

வருஷத் திதி வந்தது. காரியஸ்தரிடம் கெஞ்சி அன்று மட்டும் சத்திரத்தின் சாவியை வாங்கினார். அபரஞ்சி பேரில் ஒருநாள் உட்காருவோம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பழைய ஆள்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். அம்மை புழங்கிய அடுப்பில் தாமே கீரை கடைந்து, வாழைக்காய் வதக்கி, சோறு வடித்தார். இலைகளை விரித்துவைத்துக் காத்திருந்தார். காலையிலேயே பிடித்த மழை உச்சிப்பொழுதாகியும் விடவில்லை. ஒருவரும் வரவில்லை.

சோறு ஆறிப்போன நேரத்தில் ஒருவர் வந்தார். நெடிய உருவம், நனைந்து ஒட்டிய பழந்துணி. தொண்டையில் ஆறிப்போன தீக்காயம்போல் ஒரு கறுப்பு. இங்கே கேட்கச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார்களே என்றார்.

முன்பு சொல்லிக்கொடுத்ததாகவும், தமக்கே சரியாகத் தெரியாது என்று பின்னால் தெரிந்துகொண்டதாகவும் மாசிலாமணியார் சொன்னார். பசித்தால் சாப்பிடுங்கள் என்று இலையைக் காட்டினார்.

"சோறு இருக்கட்டும். என் மனசுல ஒண்ணு கெடக்கு. அத யாராச்சும் கேக்கணும்" என்றார் வந்தவர்.

முன்பு என்றால், கண்ணை மூடி உள்ளே கேளுங்கள் என்று சொல்லியிருப்பார். அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தலை துவட்டத் தம் துண்டைக் கொடுத்தார். முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரே உட்கார்ந்து, கண்ணைத் திறந்து அந்த முகத்தையே பார்த்தார்.

"என் வாசல்ல ஒரு பொண்ணு வர்றவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்டா. அவளுக்கு வயித்துல நோவு. அடுப்புக்கிட்ட உக்காந்து முனகுவா. வேற யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுது. ஒருநாள் விடாமக் கேட்டுது."

மாசிலாமணியார் இன்னும் அருகே குனிந்தார். "கேட்டு என்னங்க செஞ்சீங்க?"

"கூடவே உக்காந்திருந்தேன். கடைசியில அவ விழுந்தப்போ தல தரையில படாம மடியில வாங்கிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு வந்தவர் வாய்விட்டு அழுதார். பெற்ற மகளைப் பறிகொடுத்த தகப்பன் அழுவதுபோல, அந்தக் கூடமே அதிர அழுதார். மாசிலாமணியார் ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் யார் என்றும் கேட்கவில்லை. அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டு கடைசித் துளிவரை கேட்டார். இரண்டு பேரும் அழுதார்கள்.

பிறகு வந்தவர் இலையில் அமர்ந்து சாப்பிட்டார். "உப்புக் கொறச்சல். அவ கையி வராது. இருந்தாலும் போடு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவிவிட்டு, "நாளைக்கு ஆளுங்க வருவாங்க. கதவச் சாத்திடாத" என்று சொல்லி மழையில் இறங்கிக் கோயில் பக்கம் நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் மாசிலாமணியாருக்கு உறைத்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். நடை சாத்தியிருந்தது. மழைக்குக் கோபுர வாசலில் ஒதுங்கியிருந்த குருக்கள், உச்சிக்கால பூஜை முடிந்ததிலிருந்து தாம் அங்கேயே இருப்பதாகவும், ஒரு ஈ காக்கைகூட உள்ளே போகவில்லை என்றும் சொன்னார்.

சாயங்காலம் நடை திறந்தது. உள்ளே போன குருக்கள் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நாதரின் திருமேனியெங்கும் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. மாசிலாமணியாரின் துண்டு ஆவுடையார் மேல் நனைந்து கிடந்தது. வெளியே நின்றவரைக் குருக்கள் கையசைத்து அருகே அழைத்தார். அன்றுவரை கொடிமரத்தைத் தாண்டாத மாசிலாமணியார் சன்னதிப் படியில் வந்து தலை வைத்தார்.

"உங்களுக்காச்சும் கேட்டுச்சே சாமி. அது போதும்" என்றார்.

மறுநாள் நாலைந்து பேர் வந்தார்கள். நடந்ததைக் கேள்விப்பட்ட காரியஸ்தர் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. பின்னர் சத்திரம் கொள்ளாத கூட்டம் வந்தது. அவர் வாழ்ந்தவரை முகாம் நடந்தது. ஆனால் அதன்பின் அவர் யாரையும் முதலில் கண்மூடச் சொன்னதில்லை. கணவனை மனைவிக்கு எதிரே உட்கார்த்தினார், தாயை மகனுக்கு எதிரே உட்கார்த்தினார். இவர்களைக் கேட்டு முடியுங்கள், உள்ளே இருக்கிறவரைக் கேட்கப் பிறகு போகலாம் என்றார். சொல்லும்போதெல்லாம் அவர் குரல் உடைந்தது. கடைசிவரை அது சரியாகவில்லை.

தம் நெஞ்சு ஆறாமலே பிறர் நெஞ்சை ஆற்றிய அந்த எளியவரின் தாள் நம் தலைமேல் இருக்கட்டும்.