சிங்கப்பூர் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

எங்கள் ஊத்துப்பட்டியில் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் நேராகப் பந்தல்காரர் சடையாண்டி வீட்டுக்குப் போய்விடுவோம். அவர் வீட்டுக்கு எதிர்த்தாப்பில் மாவு மில் வைத்திருப்பவன் நான். இதில் பாதி என் கண் முன்னால் நடந்தது. மீதியை அவர்களே வந்து பெருமையாகச் சொன்னார்கள்.

சடையாண்டிக்கு மூன்று மச்சினன்மார்: மொக்கச்சாமி, வீரணன், சின்னக்காமு. மூவருக்கும் அவரிடமே பந்தல் வேலை. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள். அதுதான் பிரச்சினையே! ஒரு கல்யாண வீட்டில், "மழைக்கு முன்னாடி பந்தலைப் பிரிச்சிருங்கப்பா" என்று சொல்லிவைத்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் வானம் லேசாகக் கறுத்தது. பிரித்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் விவரமான ஒரே ஆள் சடையாண்டியின் பெண்சாதி பேச்சியம்மாள். அவள் மகள் முத்துமீனாவின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தாள். பேத்தி பிறந்ததும் போனில் முகத்தைக் காட்டினார்கள். சடையாண்டிக்கோ ரெண்டு கண்ணிலும் புரை. "துணிக்குள்ள என்னமோ அசையுது, மூஞ்சி தெரியலையே!" என்று அவர் அழுத அழுகை, மில் ஓடுகிற சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. பாவமாக இருந்தது.

"தை பிறந்ததும் பிள்ளையைத் தூக்கிட்டு வாரோம். அதுக்குள்ள கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கங்க" என்றாள் பேச்சியம்மாள்.

மச்சினன்மார் மூவரும் டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா பொறுமைசாலி.

"முதல்ல வலது கண்ணுக்குப் பண்ணுவோம். உள்ள ஒரு லென்ஸ் வைக்கணும். தூரத்துக்குன்னு ஒண்ணு இருக்கு, கிட்டத்துக்குன்னு ஒண்ணு இருக்கு. தூரத்து லென்ஸ் வெச்சா வாசிக்கறதுக்குக் கண்ணாடி வேணும். ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணும் இருக்கு, ஆனா அதுல விளக்கைச் சுத்தி வளையம் தெரியலாம். நீங்க முக்கியமா எதைப் பார்க்கணும், அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் என் மில் வாசலில் ஆலோசனை நடந்தது.

"வளையம் தெரியற லென்ஸ் வேண்டவே வேண்டாம்" என்றான் மொக்கச்சாமி. "சீரியல் லைட்டு வாடகைக்கு விடுறவங்க நாம. வெறும் பல்பைப் பார்த்தாலே மாமாவுக்கு அலங்காரம் தெரியுதுன்னு வெளிய தெரிஞ்சா, விசேஷக்காரன் லைட்டைக் கேக்க மாட்டான். மாமாவைத்தான் கேப்பான்."

நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சரி, மாமா முக்கியமா எதைப் பார்க்கணும்?" என்றான் வீரணன்.

"என் பேத்தியை" என்றார் சடையாண்டி.

"பேத்தி எங்க இருக்கு?"

"சிங்கப்பூர்ல."

"அது தூரமா, கிட்டயா?"

சின்னக்காமு ஓடிப்போய்ப் பந்தல் அளக்கிற நூறடி டேப்பை எடுத்துவந்தான். மில் வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனான். டேப் பால் சொசைட்டியோடு முடிந்துவிட்டது. அங்கே நின்று நாலா பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"நூறடிக்குள்ள சிங்கப்பூர் இல்ல மாமா."

"அப்ப தூரத்து லென்ஸுதான்" என்று தீர்ப்பாயிற்று. "அடப்பாவிகளா, பிள்ளை தையில இங்கதானடா வரப்போகுது" என்றேன் நான். "டாக்டர் எங்க இருக்குன்னுதான் கேட்டாக, எங்க வரும்னு கேக்கல" என்றான் மொக்கச்சாமி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸம்மா மூவரையும் நிறுத்திவைத்துச் சொல்லி அனுப்பினாள். "ஒரு வாரத்துக்குக் குனியவே கூடாது. சொட்டு மருந்து விட்டதும் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிப் படுத்திருக்கணும். மறந்துராதீங்க."

சடையாண்டி நல்ல உயரம். அவர் வீட்டு வாசல்படியோ குட்டை. தினமும் குனிந்துதான் உள்ளே போவார். இப்போது வாசலில் விறைப்பாக நின்றார்.

"குனியக் கூடாதுல்ல?" என்றான் வீரணன். அரை மணி நேரத்தில் நிலைக்கதவும் அதற்கு மேலே ரெண்டடிச் சுவரும் கீழே கிடந்தன. கடப்பாரை என்னுடையது. என்னத்துக்கு என்று கேட்காமல் கொடுத்தது என் தப்பு.

மருந்து விஷயத்தில் இன்னும் பயபக்தி. நர்ஸம்மா மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னதால், மாமா கண்ணில் ஒரு சொட்டு விழுந்ததும் நாலு பேரும் முற்றத்தில் வரிசையாகக் கண்ணை மூடிப் படுத்துவிடுவார்கள். அந்த வாரத்தில் பக்கத்து வீட்டு ஆடு, ரெண்டு சாமியானாத் துணியைத் தின்று தீர்த்தது. படுத்திருந்த ஒருத்தனும் பார்க்கவில்லை.

பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார் பாருங்கள், சடையாண்டி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! "ஏ மாப்ள, மலை மேல மாடு மேயுது! அதுல ஒண்ணுக்குக் கொம்பு ஒடிஞ்சிருக்கு!" என்று கூத்தாடினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று.

தையும் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. முத்துமீனா இறங்கி ஓடிவந்து, "அப்பா, இந்தாங்க உங்க பேத்தி" என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.

சடையாண்டி குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார்.

"தாயி... மூஞ்சி தெரியலையே தாயி!"

பேச்சியம்மாள் பதறிப்போனாள். "கிட்டத்துல பார்க்க ஒரு கண்ணாடி குடுத்திருப்பாகளே, எங்கடா அது?"

"குடுத்தாகக்கா. வாசிக்கறதுக்குன்னு குடுத்தாக" என்றான் சின்னக்காமு. "மாமாவுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே. அதனால நூலகத்துல குடுத்துட்டோம். அங்கதான எல்லாரும் வாசிக்காக."

அன்று நூலகம் விடுமுறை. மறுநாள் பேச்சியம்மாளே போய்க் கேட்டாள். கண்ணாடியில் நம்பர் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டதாம். உறுப்பினர் ஆனால் பதினைந்து நாளைக்கு எடுத்துப்போகலாமாம். உறுப்பினர் அட்டை வரவே ஒரு வாரம் ஆகுமாம்.

அது மறுநாள் கதை. இப்போது பிள்ளை கையில், தாத்தா கண்ணில் தண்ணீர். மொக்கச்சாமி பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.

"இப்பத் தெரியுதா மாமா?"

"மங்கலா இருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் போ."

வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, என் மில் படியில் ஏறி நின்றான். பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது.

"ஆத்தாடி!" என்று அலறினார் சடையாண்டி. "தெரியுது! என் தங்கம் கொட்டாவி விடுது! கன்னத்துல குழி விழுதுடா!" அவர் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே அழ, இந்தப் பக்கம் பிள்ளை வீலென்று அழ, நடுவில் மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

நாலு நாள் இப்படியே தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கொஞ்சல் நடந்தது. பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். தம்பிமாரும் கிளம்பினார்கள். "அண்ணே, நீங்களும் வாங்க, கூட ஒரு மனுஷன் வேணும்" என்று என்னையும் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா சிரித்தார். "கவலைப்படாதீங்க. இடது கண் பாக்கி இருக்குல்ல, அதுக்குக் கிட்டத்து லென்ஸ் வெச்சிருவோம். ஒரு கண்ணு தூரத்துக்கு, ஒரு கண்ணு கிட்டத்துக்கு. வர்ற பதினெட்டாம் தேதி வந்திருங்க."

பேச்சியம்மாள் நிம்மதியாக மருந்து வாங்கப் போனாள். வராந்தா பெஞ்சில் மூவரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

"வலது கண்ணுக்குப் பிள்ளை தூரத்துல இருக்கணும்" என்றான் மொக்கச்சாமி.

"இடது கண்ணுக்குக் கிட்ட இருக்கணும்" என்றான் வீரணன்.

"ஒரு பிள்ளை எப்படிண்ணே ரெண்டு எடத்துலயும் இருக்கும்?" என்றான் சின்னக்காமு.

சடையாண்டிக்கு மறுபடியும் கண் கலங்கியது. மச்சினன்மாருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மொக்கச்சாமி போனை எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கிற முத்துமீனாவின் மாப்பிள்ளையைக் கூப்பிட்டான். நான் தடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"மாப்ள, நல்லாருக்கீகளா? ஒண்ணுமில்ல, மாமா கண்ணு விஷயம். கிட்ட வைக்க ஒண்ணு, தூர வைக்க ஒண்ணு, ஆக ரெண்டு பிள்ளை வேணும். ஒண்ணுதான் கைவசம் இருக்கு. முத்துமீனா இங்கதான் இருக்கா, இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

"அவசரப்படுத்தல மாப்ள" என்றான் மொக்கச்சாமி, ரொம்பத் தன்மையாக. "ஆபரேஷன் பதினெட்டாம் தேதிதான். அதுக்கு முதநாள் சாயங்காலம் பிள்ளை வந்தாப் போதும்."