தட்டு வைக்கிற சத்தம்

இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்கிறவர்களுக்கு அவசரமே கிடையாது. உப்புக்காற்றில் தகட்டைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் நாங்கள். தூத்துக்குடிக் கடலோரம் எங்கள் ஆய்வுக்கூடம்.

இந்த வேலை மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிடும். தோசை முறுகுகிற நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறித்து, மாமியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனால் பட்டமுத்து அண்ணாச்சிக்கு முன்னால் நானெல்லாம் தூசு.

அண்ணாச்சிக்கு வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார்; மனைவி ஆவுடைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து டாக்டர் பட்டத்துக்கு உழைக்கிறவர். அவருக்கு வழிகாட்டி செசிலி மேடம், அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மேடம் முன்னால் அண்ணாச்சி உட்கார மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டும் கையுமாக வந்து நின்றார். முகம் சரியில்லை.

"ஒரு சந்தேகம் மேடம். வீட்டு விஷயம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஆவுடைக்குச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு மாறுதல் தாராங்களாம். போறியா இல்லியான்னு நாளைக்கு எழுதிக் கொடுக்கணும். பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருதேங்கா. 'உங்களோட இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டா." நோட்டை மேடத்திடம் நீட்டினார். "அவ போயிட்டா நான் செத்தேன் மேடம். எங்க தப்பு நடந்துச்சுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"நோட்டுல என்ன?"

"ஆனி மாசத்துலேர்ந்தே அவ முகம் சரியில்ல. காரணம் கண்டுபிடிக்கணும்னு குறிச்சுட்டு வந்தேன்."

எட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆவுடை சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கிற சத்தத்தை மனுஷன் செல்போனில் அளந்திருக்கிறார்! தேதி, வீடு சேர்ந்த நேரம், என்ன குழம்பு, எவ்வளவு சத்தம். தொண்ணூற்று நான்கு நாள், ஒரு நாள் விடவில்லை பாவி. கடைசிப் பக்கத்தில் வரைபடம் வேறு.

மேடம் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைப் பார்ப்பது மாதிரியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"செல்போன எங்க வப்பீங்க?"

"தண்ணிச் செம்புக்குப் பின்னால. எல்லா நாளும் அதே இடம்."

"குழம்புக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இல்ல மேடம். நேரத்துக்கும் இல்ல. எட்டு மணிக்குப் போனாலும் ஏறுது, ஒம்பதுக்குப் போனாலும் ஏறுது. அதான் பிடிபடல."

மேடம் ஒரு வரிசையில் விரலை வைத்தார். "அறுபத்திரெண்டாம் நாள் பூஜ்யம்னு இருக்கே?"

"அன்னைக்கு அவ தட்டு வைக்கல. அழுதுட்டே படுத்துட்டா. நானே போட்டுச் சாப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"ஏன் அழுதாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"அன்னைக்கு மட்டும் கேக்கலியா?"

"ஒரு நாளும் கேக்கல மேடம்." அண்ணாச்சி நிமிர்ந்து நின்றார். இந்த ஒன்றிலாவது தன்மேல் குற்றமில்லை என்கிற தெம்பு அவருக்கு. "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான? பாத்துட்டு இருக்கும்போது தகட்டத் தொடக்கூடாது, தொட்டா அளவு மாறிரும்னு. இடையில கேட்டிருந்தா அவ சத்தமும் மாறியிருக்குமே!"

மேடம் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"கேட்டா மாறிரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி. தெரிஞ்சும் தொண்ணூத்தி நாலு நாள் கேக்காம இருந்திருக்கீங்க."