உபதேசியார் பாதி உட்கார்ந்த கதை

வெண்சங்குத்துறைச் சீமையைக் கொழுந்துராயர் ஆண்ட காலம். ராயர் ஆள் குட்டை, கோபம் நெட்டை. அவருடைய அவையில் சந்தியாகு என்றொரு விகடன் இருந்தான். கடற்கரைத் தெருவைச் சேர்ந்த வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போகிறவன்.

அந்தத் தெருக் கோயிலை இன்னாசி உபதேசியார் பார்த்துக்கொண்டார். பூசை வைக்கும் சாமியார் எப்போதாவது கப்பலில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் இன்னாசி வைத்ததுதான் சட்டம். கோயிலுக்குள் இருமினால் குற்றம். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தால் குற்றம். ஜெபத்தின் நடுவே கைக்குழந்தை சிரித்தால் தாய்க்குத் தண்டனை. இயேசுசாமியே வந்தாலும், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறீர் என்று விசாரித்த பிறகுதான் இன்னாசி உள்ளே விடுவார் என்று சந்தியாகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் காலை, கருவாடு விற்கும் மதலேன் என்ற கைம்பெண் அழுதுகொண்டே அவைக்கு வந்தாள். ராயர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு விசாரித்தார். பெரிய வெள்ளியன்று பக்கத்து வீட்டுத் தோணிக்காரன் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்திருக்கிறான். இவள் ஒரு கோழியை அடித்துச் சாறு வைத்து ஊட்டியிருக்கிறாள். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் கோழி வாசனை உபதேசியார் மூக்குக்கு எட்டிவிட்டது. பெரிய வெள்ளியில் மாமிசம் சமைத்தவள் மாதக்கணக்கில் முழங்காலால் கோயிலைச் சுற்ற வேண்டும், அதுவரை அவள் வீட்டில் நல்லது எதுவும் நடக்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. இன்றைக்குத்தான் அவள் மகளுக்குக் கல்யாணம். பெண் சேலை கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறாள். கோயில் சாவி இன்னாசி மடியில். சாமியார் வந்த கப்பலோ சாயங்காலம் பாய் விரித்துவிடும்.

பின்னாலேயே இன்னாசியும் வந்து நின்றார். பனை உயரம். தீர்ப்பை எதிர்த்து அரண்மனை ஏறியவளைச் சீமையைவிட்டே துரத்த வேண்டும் என்று கேட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாளே, கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா என்றார் ராயர்.

"இரக்கம் வேற, விதி வேற மகாராஜா. விதியை மீறினவன் எவனா இருந்தாலும் சீமையில இடம் இல்லன்னு நீங்களே உத்தரவு போடணும்" என்றார் இன்னாசி.

ராயருக்கு அந்தக் கண்டிப்பு பிடித்துப்போயிற்று. முத்திரை மோதிரத்தைக் கழற்றப் போனார். சந்தியாகு அவளுக்காகக் குறுக்கே பேசினான். ராயருக்குக் கோபம் ஏறியது.

"உனக்கு அவ்வளவு இரக்கமா? அப்படியானால், விதி இடம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, மன்னித்துவிடலாம் என்று இவர் வாயாலேயே சொல்ல வை. அவளை விட்டுவிடுகிறேன். முடியாவிட்டால் அவளோடு நீயும் தோணி ஏறு."

கருங்கல்லைக் கரைத்துவிடலாம், இன்னாசியைக் கரைக்க முடியாது. மதலேனைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. சாளரத்துக்கு வெளியே ஏறிக்கொண்டிருந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னாசியைப் பார்த்தான். உயர்ந்த மேடைமேல் இருந்த சிம்மாசனத்துக்கும் மேலே எங்கோ இருந்தது அவர் தலை; மற்றவர் தலையெல்லாம் அதற்குக் கீழே.

சந்தியாகு பணிவாகக் கும்பிட்டான். உபதேசியார் சொல்வதே சரி என்றான். அவர் கேட்ட உத்தரவை இந்த நிமிஷமே போட்டுவிட வேண்டும், அதில் யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். இன்னாசி மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். ராயர் உத்தரவு போட்டார்.

அதன் பிறகு சந்தியாகு மெதுவாக ஆரம்பித்தான். ராயரின் தாத்தாவும் குட்டைதான். அரசர் அமர்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேல் யார் தலையும் தெரியக் கூடாது என்று தாத்தா ஒரு விதி வைத்திருந்தார். இன்றுவரை அதை யாரும் நீக்கவில்லை.

இன்னாசி சட்டென்று உட்காரப் போனார்.

அரசர் சொல்லாமல் அவையில் உட்காரக் கூடாது என்பதும் தாத்தா வைத்த விதிதான் என்றான் சந்தியாகு. இன்னாசி பாதியிலேயே நின்றுவிட்டார். நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முழங்கால் மடங்கி, முதுகு வளைந்து, இரண்டு கையும் அந்தரத்தில்.

வேண்டுமானால் முழங்கால் போட்டுக்கொள்ளலாமே என்று சந்தியாகு கரிசனமாகச் சொன்னான். மனிதனுக்கு முன்னால் முழங்கால் போடுவது பாவம் என்று தெருவுக்கே சட்டம் போட்டிருந்தவர் இன்னாசி. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

ராயருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் வெற்றிலைத் தட்டை வரவழைத்து, ஒவ்வொரு வெற்றிலையாக நரம்பு கிள்ள ஆரம்பித்தார். இன்னாசியின் தொடை நடுங்கியது. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கு அவர்களும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இன்னாசி முனகினார். "மகாராஜா, கிருபை பண்ணுங்க."

"எந்த விதிப்படி கேக்கிறீரு உபதேசியாரே?" என்றான் சந்தியாகு.

"விதி என்னய்யா விதி. ராஜா மனசு வச்சு மன்னிச்சாப் போதாதா?"

சந்தியாகு மதலேன் பக்கம் திரும்பினான். "கேட்டியா தாயி? உபதேசியாரே சொல்லிட்டாரு."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். உத்தரவையும் தாத்தாவின் விதிகளையும் அங்கேயே ரத்து செய்தார். மதலேன், இன்னாசி இருவரையும் மன்னித்தாயிற்று, போகலாம் என்றார். சந்தியாகு இன்னாசியின் மடியிலிருந்து சாவியை உருவி மதலேனிடம் கொடுத்தான். தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க ராயர் கழற்றினார். வாங்கிக்கொள்ள மதலேன் அங்கே இல்லை. கும்பிடக்கூட மறந்து, வாசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். மாலையைச் சந்தியாகுவிடம் கொடுத்து, அவள் பின்னாலேயே போகச் சொன்னார்.

இன்னாசி மட்டும் நிமிர்ந்து நின்றபடி அசையாமல் இருந்தார். என்ன உபதேசியாரே, போகவில்லையா என்று ராயர் கேட்டார்.

புறப்படப்போன சந்தியாகுவின் காதருகே இன்னாசி குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "மன்னிப்புக் கிடைச்சவன் எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கணும்?"