கடைசிப் பட்டத்துக்கு ஒரு கமா

வட்டச் செயலாளர் தணிகைமலையின் பேருக்கு முன்னால் ஒன்பது பட்டங்கள். பிறந்தநாள் பேனரில் கடைசிப் பட்டத்துக்கு முன்னால் கமா வைத்தால் எடு என்பார். எடுத்தால் வை என்பார். பேனர் கடையில் மூன்றாவது பிரிண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, "இன்னொரு தடவை தப்பு வந்துச்சு, கடைக்குப் பூட்டுதான்!" என்று குதித்தார்.

டிசைன் போடும் ஜெசிந்தா போனை எடுத்தாள். "எதுக்குண்ணே குழப்பம்? பட்டம் குடுத்தவங்களையே கேட்டுடறேன். கடைசியா இருக்கற 'மக்களின் மூச்சு' குடுத்தது யாரு? நம்பர் சொல்லுங்க."

தணிகைமலை கர்சீப்பைத் தேடினார். "அது... வேணாம். எடுத்துடும்மா."

"சரிண்ணே. இப்ப 'ஏழைகளின் ஏசி' கடைசியா வருது. அதுக்கு முன்னால கமா உண்டா? குடுத்தவர் நம்பர்?"

மறுநாள் முச்சந்தியில் பேனர் எழுந்தது. அதில் 'தணிகைமலை' மட்டும் தனியாக நின்றது. கமாவுக்கு வேலையே இல்லை.