வெறும் தட்டு

மாநாட்டுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. தில்லைநாயகத்துக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி.

"யாரை வெச்சுத் தொடங்குறது மேடம்? அமைச்சரா, துணைவேந்தரா?"

பேராசிரியர் அருள்மேரி அவருடைய குரு. வயதில் அவரைவிட இரண்டு வருடம் இளையவர். அதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"உறையெல்லாம் வரட்டும். அப்புறம் பாக்கலாம்," என்றார்.

எங்கோ வெடித்த அணுகுண்டின் தூசி மழையோடு இறங்கிப் புல்லில் படிகிறது. புல்லைத் தின்ற மாட்டின் பாலில் கலக்கிறது. எவ்வளவு கலக்கிறது என்று அளப்பவர்கள் கூடும் மாநாடு அது. அழைப்பிதழோடு ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரே டின்னிலிருந்து ஒரு பொட்டலம் பால் பவுடரும் அனுப்பியிருந்தார் அருள்மேரி. அளந்து, வந்த எண்ணை உறையிலிட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். தங்கள் ஆய்வகத்துக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருந்தார். அதை அளந்தது தில்லைநாயகம்.

வெள்ளிக்கிழமை ஏழு உறைகளையும் பிரித்தார்கள். முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பது என்று ஆறு ஆய்வகங்களும் ஒன்றையொன்று ஒட்டியே நின்றன. ஏழாவது உறையில் எழுபத்திரண்டு. தில்லைநாயகத்தின் கையெழுத்து.

"ஆறு பேருமா தப்புப் பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். கேட்கும்போதே முகில்பாடி என்ற மலையூர் நினைவுக்கு வந்தது. அந்த ஊர்ப் பாலை அளந்தவரும் அவர்தான், இதே தட்டில். மூன்று வருடத்துக்கு முன் தூசி அதிகம் என்ற அந்த அறிக்கையை நம்பித்தான் பால் சங்கம் அந்த ஊரின் பாலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது.

தில்லைநாயகம் பாலை வைத்து அளக்கும் அலுமினியத் தட்டை அருள்மேரி எடுத்துக் கழுவித் துடைத்தார். அதில் எதையும் வைக்காமல் கருவிக்குள் செருகி மூடினார்.

வெறும் தட்டிலிருந்தே எவ்வளவு கதிர்வீச்சு வருகிறது என்று முதலில் எண்ணி, அதைக் கழித்துக்கொள்வது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. தில்லைநாயகமும் எண்ணினவர்தான், தட்டு வாங்கிய புதிதில். அப்போது சொல்லும்படி ஒன்றும் வராததால் பிறகு விட்டுவிட்டார்.

எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. டீ ஆறிப்போனது.

கருவி நாற்பத்திரண்டு காட்டியது. தட்டிலேயே ஊறிப்போன தூசி; எழுபத்திரண்டில் அதைக் கழித்தால் முப்பது.

அளப்பதற்காக அன்று முகில்பாடிப் பாலை எரித்தெடுத்த சாம்பல் அலமாரியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் புதுத் தட்டில் போட்டு அளந்தார்கள். அந்தப் பாலில் ஒரு குறையும் இல்லை.

தில்லைநாயகத்துக்கு அவமானத்தில் கண் கலங்கியது. "நம்ம முகில்பாடிக் கட்டுரைய நிகழ்ச்சியிலேர்ந்து எடுத்துடட்டுமா மேடம்?"

"எதுக்கு? முதல்ல அதைப் போடுங்க. இந்தத் தட்டையும் மேஜையில வைங்க."

"யார் வாசிக்கிறது?"

"அந்த அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கு. நான் வாசிக்கிறேன். சங்கத்துக்கும் இப்பவே எழுதிடறேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"காலையில முகில்பாடிக்கு பஸ் ஏறுங்க. பால் ஊத்த முடியாம மாட்டை வித்தவங்க இருப்பாங்க. நடந்ததைச் சொல்லி, அவங்கள்ல ஒருத்தரை மாநாட்டைத் தொடங்கி வைக்கக் கூப்பிடுங்க."

தில்லைநாயகம் தட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டினார்.

"வர மாட்டாங்க மேடம். வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க."

"ஒரு வார்த்தை விடாம எழுதிட்டு வாங்க," என்றார் அருள்மேரி. "அதையே தொடக்க உரையா வாசிச்சிடலாம்."