வைரவ வாத்தியாரின் பன்னிரண்டாவது பாட்டு

ஒரே பாட்டுக்கு நான்கு மெட்டு கிடைத்துவிட்டது. அதுதான் தெய்வேந்திரனுக்கு வந்த கஷ்டம்.

மின்வாரிய அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் புதுக்கோட்டையில் லூர்தம்மாளிடம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். லூர்தம்மாள் நாடக மேடைகளில் பின்பாட்டுப் பாடி ஆர்மோனியம் வாசிப்பவர். சீடனைவிடப் பதினெட்டு வயது இளையவர். தெய்வேந்திரன் அவரை ‘வாத்தியாரம்மா’ என்பார். லூர்தம்மாள் அவரை ‘அண்ணே’ என்பார். மூன்று வருஷமாக இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் வந்ததில்லை.

அவர் ஆர்மோனியம் கற்க வந்தது வைரவ வாத்தியாருக்காக.

வைரவ வாத்தியார் பாய்ஸ் கம்பெனி நடத்தியவர். நாடகமும் பாட்டும் தானே எழுதி, பையன்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்து, முப்பத்தெட்டு வயதில் இரைப்பு நோயில் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அறுபது வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவர் பெயரைச் சொன்னால், ‘எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்?’ என்று கேட்கிறார்கள். தெய்வேந்திரனின் அப்பா எட்டு வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து பெண்வேஷம் கட்டியவர்.

வாத்தியாரின் பாட்டுப் புத்தகம் ஒன்று காரைக்குடிப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. பன்னிரண்டு பாட்டு. அந்தக் காலத்து நாடகப் புத்தகங்களில் சுரம் போட மாட்டார்கள். பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுதானே, வேறென்ன சொல்ல என்ற நம்பிக்கை. அந்த எல்லோரும் போய்விட்டார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடி, ஊர் ஊராக அலைந்து, பதினோரு மெட்டைத் தெய்வேந்திரன் பிடித்துவிட்டார்.

பன்னிரண்டாவது பாட்டின் தலையில் ‘புது மெட்டு’ என்று மட்டும் இருந்தது.

வைரவ வாத்தியார் யாரிடமும் வாங்காமல் தானே போட்ட ஒரே மெட்டு அது. ‘ஓடம் திரும்பி வருமென்று ஒருத்தி நின்றாளே’ என்று தொடங்கும் பாட்டு.

அப்பா சவரம் செய்துகொள்ளும்போது பாடிய பாட்டும் அதுதான். தெய்வேந்திரனுக்குப் பதினோரு வயதில் அப்பா இறந்துவிட்டார். வார்த்தை ஞாபகம் இருந்தது. மெட்டு ஞாபகம் இல்லை. எத்தனையோ காலைகளில், சோப்பு நுரையைக் கன்னத்தில் பூசிக்கொண்டு, கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் பன்னிரண்டு பாட்டையும் பாட ஏற்பாடாகியிருந்தது. அன்றைக்கே சுரத்தோடு புத்தகமும் வரவேண்டும். அச்சகத்துக்கு வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை காலை அவர் டேப் ரிக்கார்டரையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு லூர்தம்மாள் வீட்டுக்கு வந்தார்.

லூர்தம்மாள் ஆர்மோனியத்தின் மூடியைக் கழற்றிவைத்துக் கட்டைகளுக்கு இடையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“நாலு பேர்கிட்ட போனேன். நாலு பேரும் நாலு விதமா பாடுறாங்க. நாலு பேரும் இதுதான் வாத்தியார் போட்ட மெட்டுன்னு சத்தியம் பண்றாங்க.”

“ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் என்ன சொல்றாங்க?”

“மணப்பாறைக்காரன் பாடினதைக் காதுல வாங்காதீங்க, அவன் திரை இழுத்த பயல்னு திருமயத்துக்காரர் சொல்றார். திருமயத்து ராஜபார்ட்டுக்குப் பல்லு போனதுலேர்ந்து எல்லா ராகமும் ஒண்ணுதான்னு மணப்பாறைக்காரர் சொல்றார்.”

லூர்தம்மாள் சிரித்தார். “அசல் நாடகக்காரங்க.”

“சிரிக்காதீங்க வாத்தியாரம்மா. நாளைக்கு அச்சுக்குப் போகணும். அச்சுல ஏறினா அதுதான் பாட்டு. மத்த மூணும் செத்துப்போகும். எது அவர் போட்ட மெட்டு?”

லூர்தம்மாள் எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை இழுத்து வந்தார்.

“இது ஓட்டைப் பெட்டியாச்சே. கை நின்னா சத்தமும் நின்னுடும்.”

“அதுதான் வேணும். நீங்க துருத்தியைப் போடுங்க. நான் ஒரே ஒரு கட்டையை அமுக்கிக்கிறேன். டேப்புல அவங்க பாடுறவரைக்கும் காத்து அடிங்க. அவங்க நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க.”

“மெட்டு?”

“மெட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

முதல் டேப் திருமயத்துக்காரருடையது. எழுபத்திரண்டு வயதுக் குரல். ‘ஓடம் திரும்’ என்று பாடி நின்றது. தெய்வேந்திரனின் கை நின்றது. பெட்டியின் சத்தம் அறுந்தது. ‘பி வருமென்று’ என்று குரல் மறுபடி எழுந்தது. கையும் எழுந்தது.

“வயசாளி. மூச்சு பத்தலை. நான் சுரம் எழுதுறப்போ அந்த இடைவெளியை அடைச்சுட்டேன்” என்றார் தெய்வேந்திரன்.

பாட்டு முடிந்தும் கிழவர் பேசிக்கொண்டே இருந்தார். “கடைசி வருஷம் வாத்தியாருக்கு எழுந்து உட்கார முடியலை சார். கட்டில்ல தலைகாணி அடுக்கிச் சாய்ஞ்சுக்கிட்டேதான் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். நான் பாடுறபடியே பாடணும்டா, கேள்வி கேட்கக் கூடாதும்பார். ஒரு இழை மாறினா பிரம்பு பேசும். இங்க பாருங்க தழும்பு.”

டேப்பில் தழும்பு தெரியவில்லை.

இரண்டாவது, மணப்பாறைக்காரர். மெட்டு வேறு. ராகமே வேறு. ‘ஓடம் திரும்’ என்ற இடத்தில் கை நின்றது.

“இவருக்கு எழுபத்தஞ்சு” என்றார் தெய்வேந்திரன்.

மூன்றாவது, காரைக்குடிக்காரர். கம்பெனியில் மிருதங்கம் வாசித்தவர். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வேகமாகப் பாடினார். ‘ஓடம் திரும்.’ கை நின்றது.

“இவருக்கு...” என்று ஆரம்பித்த தெய்வேந்திரன் முடிக்கவில்லை.

நான்காவது, தேவகோட்டையில் ஒரு பெண். கம்பெனியில் பபூன் வேஷம் போட்டவரின் மகள். டேப்பில் பாட்டோடு தையல் மிஷினின் சத்தமும் ஓடியது. ‘ஓடம் திரும்’ என்று பாடினாள். மிஷின் நிற்கவில்லை. குரல் நின்றது.

தெய்வேந்திரன் கையைத் துருத்தியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பொண்ணுக்கு என்ன வயசுண்ணே?”

“முப்பது இருக்கும்.”

“மூச்சு பத்தாதோ?”

“வாசல்ல நின்னு நாலாவது வீட்டோட சண்டை போடுற தொண்டை அது.”

“அப்ப ஏன் நிறுத்துறா?”

தெய்வேந்திரன் நோட்டைத் திறந்தார். நான்கு பக்கம். நான்கிலும் அந்த இடத்தை அவர் இழுத்துச் சேர்த்து, அழகாக அடைத்து, சிவப்பு மையில் ‘பாடியவர் பிழை’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் போய், தனித்தனியாகத் திருத்தியது. நான்கையும் சேர்த்து வைத்து அவர் இதுவரை பார்த்ததில்லை.

“அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“அவ அப்பா.”

“அவருக்கு?”

“வைரவ வாத்தியார்” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

லூர்தம்மாள் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. “அஞ்சாவது ஆள் இன்னும் பாடலையே.”

“நாலு பேர்தான் வாத்தியாரம்மா.”

“உங்க அப்பா?”

“அவர் மெட்டுதான் எனக்குத் தெரியாதே. தெரிஞ்சா ஏன் இப்படி அலையுறேன்?”

“மெட்டு கேட்கலை. துருத்தியைப் போடுங்க.”

தெய்வேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு காற்று அடித்தார். ஒரே சுரம், நீளமாக, ஏற்ற இறக்கமில்லாமல் எழுந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டிய கண்ணாடி வந்தது. நுரை வந்தது. அப்பா முகவாயைத் தூக்கிக்கொண்டு, கீழிருந்து மேலாகக் கத்தியை இழுத்தார். தெய்வேந்திரன் வார்த்தைகளை மட்டும் சொன்னார், வாய்க்குள்ளேயே.

ஓடம் திரும்.

கை நின்றது. அவர் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

“கத்தி தொண்டையில இருக்கு, அதனாலதான் நிறுத்துறார்னு நினைச்சேன்” என்றார் தெய்வேந்திரன். “தினமும் அந்த இடத்துல நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். மறுபடி பாட ஆரம்பிச்சாத்தான் விடுவேன்.”

லூர்தம்மாள் கழற்றிவைத்த மூடியின் மேல் விழுந்திருந்த தூசியை ஊதினார்.

தெய்வேந்திரன் பேனாவை எடுத்தார். சிவப்பு மைக் குறிப்புகளை ஒவ்வொன்றாக அடித்தார். சேர்த்து எழுதியிருந்ததை நான்கு பக்கத்திலும் பிரித்து எழுதினார். வெகுநேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் பழைய கவலை திரும்ப வந்துவிட்டது.

“சரி வாத்தியாரம்மா. நாளைக்கு இந்த நாலுல எந்த மெட்டைக் கொடுக்க?”

“பாடிப் பாருங்க.”

“எதை?”

“வாய்க்கு வர்றதை.”

தெய்வேந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லூர்தம்மாள் நல்ல பெட்டியை முன்னால் இழுத்துச் சுருதி கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஒரு நாளும் லூர்தம்மாள் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்ததில்லை. தெய்வேந்திரன் திருமயத்து மெட்டில்தான் ஆரம்பித்தார். மூன்றாவது சுரத்திலேயே அது மணப்பாறைக்குப் போனது. அப்புறம் எந்த ஊருக்குப் போனதென்று அவருக்கே தெரியவில்லை. லூர்தம்மாளின் விரல்கள் மட்டும் பின்னாலேயே வந்தன.

ஓடம் திரும்.

நிறுத்தினார். லூர்தம்மாளும் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். அறையில் சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேடையில் ஆள் பாட்டை மறந்துவிட்டதைப் போல இருந்தது தெய்வேந்திரனுக்கு. பொறுக்க முடியாமல், ஒரு சுரமாவது கொடுத்துவிடலாம் என்று துருத்தியின் பக்கம் கையை நீட்டினார்.

லூர்தம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறுங்கண்ணே” என்றார். “அவர் மூச்சு வாங்கிக்கட்டும்.”